இடது மூலையில் பாசி

நவம்பர் 6

பதினாறாம் நாள் காரியம் நேற்றோடு முடிந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். வாடகை நாற்காலிக்காரர் வந்து நாற்காலிகளை அடுக்கி எடுத்துப் போனார். வீட்டில் இனி நானும் என் மனைவி வேணியும்தான். அப்புறம் எங்கள் மகள் நித்திலாவின் மீன்தொட்டி.

இந்த டைரி ஜனவரியில் மருந்துக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. இவ்வளவு நாள் அலமாரியில் சும்மா கிடந்தது. நான் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். நாள் முழுக்கத் தேதிகளோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தும் தேதி போட்டு எழுத எனக்கென்ன கிறுக்கா? தொட்டிக்காகத்தான் எழுதுகிறேன். கொளத்தூர் மீன்கடை இம்மானுவேல் எழுதச் சொன்னான். மகள் எல்லாவற்றையும் அவனிடம்தான் வாங்குவாள். 'இம்மி' என்று கூப்பிடுவாள். ஆள் இம்மியாக இல்லை, கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான்.

"சார், கடல் தொட்டின்றது கொழந்த மாதிரி. என்னா ஊத்தினீங்க, எவ்ளோ தீனி போட்டீங்க, எல்லாம் எழுதி வைங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா எதால ஆச்சுன்னு அப்பதான் தெரியும்."

குழந்தை மாதிரி என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. நித்திலாவுக்கு டெங்கு. ஆபீசிலிருந்து காய்ச்சலோடு வந்தவள் அந்த வாரமே போய்விட்டாள். மயானத்திலும் நான் அழவில்லை. வந்தவர்கள் என்னைத் தைரியசாலி என்றார்கள்.

ஆகவே எழுதுகிறேன். தொட்டி எழுபது லிட்டர். உப்புத் தண்ணீர். மீன் இரண்டு, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். பெரியது பெண், சின்னது ஆண். நித்திலா பெரியதை 'மேடம்' என்பாள், சின்னதை 'சார்' என்பாள். சார் எந்நேரமும் மேடம் பின்னாலேயே போகிறார். இடது மூலையில் ஒரு பாறை, அதன் மேல் பொத்தான் பவளம். சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் சிவப்புமாகப் பூத்திருக்கும். மூன்றே மூன்று பூவோடு வாங்கி வந்தாள், இன்று பாறையே தெரியவில்லை.

'என் கடல்' என்பாள் இந்தத் தொட்டியை. "ப்பா, என் கடல்ல கைய வெக்காதீங்க, சோப்பு வாசனை வருது."

இன்று ஒரு பக்கெட் பழைய தண்ணீரை எடுத்து பாத்ரூமில் ஊற்றிவிட்டு, புதிதாக உப்புக் கலந்து ஊற்றினேன். தீனி ஒரு சிட்டிகை.

நவம்பர் 9

இடது மூலையில் பாறைக்கு அடியில் பச்சையாக ஏதோ. விரல்நுனி அளவுதான். துணியால் துடைத்தால் போகும் என்று பார்த்தால் போகவில்லை.

நவம்பர் 12

தீபாவளி. நமக்கு இல்லை. காலையில் பக்கத்து வீட்டுப் பட்டாசுக்கு மேடம் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

நவம்பர் 14

பச்சை இப்போது உள்ளங்கை அளவு. இழை இழையாக நீண்டு தண்ணீர் ஓடுகிற பக்கம் சாய்ந்து ஆடுகிறது. போனில் படம் எடுத்து இம்மியிடம் காட்டினேன்.

"முடிப்பாசி சார். ரொம்ப ஏறுச்சுன்னா பவளத்த மூடி மூச்சுத் திணற வெச்சு கொன்னுடும். தண்ணில பாஸ்பேட்னு ஒரு உப்பு இருந்தாதான் இது வரும். சோதிச்சுப் பாத்தீங்களா?"

சோதிக்கிற குப்பி நித்திலாவின் அலமாரியில் இருந்தது. தொட்டித் தண்ணீரில் ஒரு பொட்டலம் பொடியைப் போட்டுக் குலுக்கினால் நீலமாக மாறும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பேட். கூடவே ஒரு அட்டை, வெள்ளையிலிருந்து கருநீலம் வரை கட்டம் கட்டமாக. நமக்கு நான்காவது கட்டம். இரண்டைத் தாண்டக்கூடாதாம்.

நான் செய்த தப்பு என்று இம்மி கண்டுபிடித்துச் சொன்னது: ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்குப் பதிலாக வீட்டுக்கு வருகிற கேன் தண்ணீரை ஊற்றியது. "அந்தக் கேன்ல என்னா இருக்குன்னு ரொப்பறவனுக்கே தெரியாது சார்" என்றான். நாங்கள் குடிப்பதும் அதுதான். அதை அவனிடம் சொல்லவில்லை. அவன் கடையிலேயே சுத்தமான தண்ணீர் வாங்கி வந்தேன். பாசி தின்னும் நத்தைகள் ஐந்தும் வாங்கினேன்.

நவம்பர் 17

தண்ணீர் மாற்றினேன். பழைய பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போகும்போது வேணி வழியை மறித்தாள்.

"சாக்கடைல ஊத்தாதீங்க."

"உப்புத்தண்ணி வேணி. வேற எங்க ஊத்தறது?"

"குடுங்க."

மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்ப் பூந்தொட்டிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வந்தாள். நந்தியாவட்டை, கறிவேப்பிலை, ஒரு செம்பருத்தி. உப்புத் தண்ணீருக்குச் செடி செத்துப்போகும் என்று இவளுக்குத் தெரியாதா? செடி வளர்ப்பதில் இவளை மிஞ்ச ஆள் கிடையாது இந்தத் தெருவில். மனசு ஒரு நிலையில் இல்லை, பாவம்.

சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்.

"அன்னைக்கு எவ்ளோ தூரம் போனீங்க? படகுலயா?"

அஸ்தி கரைத்த நாளைக் கேட்கிறாள். படகு இல்லை, காசிமேட்டில் கல் மேல் நின்றுதான் போட்டோம் என்றேன். அன்று மயானத்திலிருந்து கலயத்தை வாங்கிக்கொண்டு நேராகக் கடலுக்குப் போயிருக்க வேண்டும். வேணியின் தம்பி தணிகாசலம் சுவரில் தொங்கிய காலண்டரை நினைத்துக்கொண்டு, ராகு காலம் கழியட்டும் மாமா என்றான். நான் திருத்திய காலண்டர். ராகு காலத்தில் எழுத்துப்பிழையே கிடையாது. கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்பதால் வெளியே மின்மீட்டர் பெட்டிக்குக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தோம். கிளம்பும்போது வேணி, "நானும் வரேன்" என்றாள். "பொம்பளைங்க வர்ற வழக்கம் இல்லக்கா" என்றான் தணிகாசலம். அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் தொட்டிக் கணக்கில் வராது. தீனி ஒரு சிட்டிகை. நத்தை ஒன்று மல்லாக்க விழுந்து கிடந்தது, நிமிர்த்தி வைத்தேன்.

நவம்பர் 19

தணிகாசலம் வந்திருந்தான். கையில் கோயில் குளத்து வாசலில் வாங்கிய பொரிப் பொட்டலம். நான் காபி போட உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஒரு பிடிப் பொரியைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான்.

"மீனுக்குப் பொரி போட்டா புண்ணியம் மாமா. பாப்பா பேர்ல போட்டேன்."

கோயில் குளத்துக் கெண்டைகள் பொரிக்கு அடித்துப் பிடித்து வரும். மேடம் ஒரு பொரியை வாயில் வாங்கித் துப்பிவிட்டது. சாரும் அப்படியே துப்பினார். மிச்சமெல்லாம் ஊறி, வெள்ளையாகக் கீழே இறங்கியது. சல்லடையால் முடிந்தவரை எடுத்தேன். அவனைத் திட்டவும் முடியவில்லை, அழுதுகொண்டிருந்தான். மாமனுக்கு வருகிற அழுகை அப்பனுக்கு வரவில்லை.

நவம்பர் 22

நீலம் ஐந்தாவது கட்டம். பொரிதான் காரணம். காரணம் தெரிந்துவிட்டதில் ஒரு நிம்மதி. இம்மி பாஸ்பேட்டை உறிஞ்சுகிற துரு நிறத் துகள்களை ஒரு சின்னப் பையில் போட்டுக் கொடுத்தான். தண்ணீர் விழுகிற இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.

நவம்பர் 26

பழைய பல்துலக்கும் பிரஷை வைத்துப் பாசியைச் சுற்றிச் சுற்றிப் பிடுங்கினேன். நூடுல்ஸ் சுற்றுகிற மாதிரி சுருண்டு வருகிறது. பாதி கூட முடிக்கவில்லை, வேணி வந்து கையைப் பிடித்தாள்.

"போதும். பிச்சுப் பிச்சு எடுக்காதீங்க."

"இது பாசி வேணி. விட்டா எல்லாத்தையும் கொன்னுடும்."

"மெதுவா எடுங்கன்றேன்."

பிரஷை வாங்கி அவளே செய்தாள். செய்தாள் என்றால், பிடுங்கவில்லை. மேலிருந்து கீழாக நீவி விட்டாள். சிக்கெடுக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான் அச்சகத்துக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 29

நந்தியாவட்டை செத்துவிட்டது.

டிசம்பர் 5

புயல் மழை. நேற்று விடியலில் போன மின்சாரம் இன்னும் வரவில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தொட்டியில் மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீரில் காற்றுக் குறைந்து எல்லாம் செத்துவிடும். ஆகவே சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நானும் வேணியும் முறை வைத்துக்கொண்டோம். எனக்குக் கை வலித்தால் அவள், அவளுக்கு வலித்தால் நான். பகல் முழுக்க வேறு வேலையே இல்லை. நித்திலா போன பிறகு நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது இன்றுதான். சொம்புச் சத்தம்தான்.

ஒருமுறை சொன்னாள், "ஆஸ்பத்திரில இப்படி ஏதாச்சும் செய்யச் சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும். சும்மா வெளிய உக்காருங்கன்னுட்டாங்க."

ஆமாம் என்றேன்.

டிசம்பர் 7

மின்சாரம் வந்தது. எல்லாம் உயிரோடு இருக்கின்றன. மூன்று நாள் வெளிச்சம் இல்லாததால் பாசி வெளிறிச் சோர்ந்திருக்கிறது. இம்மியிடம் போனில் சொன்னேன். "கரண்ட் போனதும் ஒரு வைத்தியம்தான் சார்" என்றான். அவன் கடையில் இடுப்பளவு தண்ணீர். பாதி மீன் போச்சாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

டிசம்பர் 13

பாசி திரும்பிவிட்டது, முன்னைவிட அடர்த்தியாக. நீலம் ஐந்தைத் தாண்டிவிட்டது. கேன் தண்ணீர் நிறுத்தி எத்தனையோ நாளாகிறது. பொரி எப்போதோ போயிருக்கும். தீனி குறைத்தாயிற்று. விளக்கும் குறைத்தாயிற்று. அந்தத் துரு நிறப் பையை இரண்டு முறை மாற்றியாயிற்று. பிறகு எங்கிருந்துதான் வருகிறது?

அச்சகத்தில் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஒரு தாளில் பிப்ரவரி 14 இரண்டு முறை வந்திருக்கிறது. 15 கிடையாது. அத்தனை பிரதியும் அச்சாகிவிட்டது. என் வேலையில் இப்படி நடந்ததே இல்லை. முதலாளி திட்டவில்லை, "போகட்டும் விடுங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 16

கடையைக் கழுவி முடித்துவிட்டு இம்மியே வீட்டுக்கு வந்து பார்த்தான். குனிந்து, கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குப் பார்த்தான்.

"வலது பக்கம் ஒண்ணுமே இல்ல பாருங்க. எல்லாம் இந்த எடது மூலைலதான். ஒரு மூலைல மட்டும் இவ்ளோ அடர்த்தியா இருந்தா அங்க அடில ஏதோ கெடக்குதுன்னு அர்த்தம். மீனு எதுனா செத்துச்சா?"

"இல்லியே."

"செத்த நத்தை? ஏதாச்சும் எலும்பு கிலும்பு? மணல்ல எலும்பு கெடந்தா விட்டு விட்டு பாஸ்பேட் கசியும் சார், என்னா பண்ணாலும் எறங்காது. ஒருநாள் பாறையத் தூக்கிட்டு மணலக் கிளறிடுங்க."

வேணி அவனுக்குக் கொண்டுவந்த காபி கொஞ்சம் தட்டில் சிந்தியது.

"அந்தப் பாறையத் தொடக்கூடாது" என்றாள். "அவ வெச்ச எடத்துல இருக்கட்டும்."

இம்மி என்னைப் பார்த்தான். சரிம்மா என்றான். போகும்போது வேறு வழி சொன்னான்: மூன்று நாள் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி வைக்க வேண்டும். வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி வாடும்.

டிசம்பர் 17

பழைய குடைத்துணியைப் பிரித்து மூடினேன். மாலையில் அச்சகத்திலிருந்து வந்தபோது துணி மடித்து நாற்காலியில் இருந்தது. வேணி தொட்டிக்கு எதிரில்.

"இருட்டுல கெடக்கணுமா?" என்றாள்.

துணியை மறுபடி போடவில்லை.

டிசம்பர் 21

பொத்தான் பவளம் மூடிக்கொண்டது. நான்கு நாளாக ஒரு பூவும் திறக்கவில்லை. ஓரத்தில் இருந்த சில பூக்கள் கரைந்து வெறும் தோலாக நிற்கின்றன. பாசி அதன் மேல் படுத்திருக்கிறது. நித்திலா இருந்தால் இதை இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டாள். எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. வந்ததே பரவாயில்லை என்றும் இருக்கிறது.

டிசம்பர் 24

வேணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அங்கே கைரேகை மெஷின் ஒழுங்காக வேலை செய்வதில்லை, வர நேரமாகும். நான் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு இடது மூலைக்குப் போனேன். பாறையைத் தூக்கவில்லை. அடியில் மட்டும் குழாயை விட்டு மணலை உறிஞ்சி பக்கெட்டில் விட்டேன்.

தொட்டியின் மணல் வெள்ளை. பக்கெட்டில் வந்தது முதலில் வெள்ளையாக இருந்தது, பிறகு சாம்பல் நிறமாக. கூடவே சின்னச் சின்னத் துண்டுகள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மணல் இல்லை. பவளத் துண்டும் இல்லை, பவளம் கனக்கும். இது லேசாக, ஓட்டை ஓட்டையாக இருந்தது.

மயானத்தில் எரிக்கிற ஆள் தட்டை நீட்டி, "அப்பா எடுத்துப் போடுங்க" என்றார். நான் என் கையால்தான் எடுத்துக் கலயத்தில் போட்டேன். எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று.

பக்கெட்டில் வந்ததையெல்லாம் திரும்பத் தொட்டியிலேயே, அதே மூலையில், மெதுவாக ஊற்றினேன். இம்மி பார்த்தால் அடிக்க வருவான். குழாயைக் கழுவி வைத்தேன். கையைக் கழுவ மனம் வரவில்லை.

ஆரம்பத்தில் ஒரு பக்கெட்டை பாத்ரூமில் ஊற்றினேன். ஆறாம் தேதியில் எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 25

ஒன்றும் செய்யவில்லை. தீனி ஒரு சிட்டிகை.

டிசம்பர் 27

அவளே ஆரம்பித்தாள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, நிமிராமல்.

"கிளறிட்டீங்க, இல்ல? மணல் ஒரு மாதிரி இருக்கு."

"ஆமா."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். அழவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு கைப்பிடிதான் எடுத்தேன். எல்லாரும் உள்ள ராகு காலம் பாத்துட்டு இருந்தீங்க. மீட்டர் பெட்டிக்குக் கீழ அவ தனியா இருந்தா. கலயத்துத் துணி முடிச்ச அவுத்து ஒரு கைப்பிடி எடுத்துட்டு மறுபடி கட்டிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே வேணி."

"யார்கிட்ட? நானும் வரேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். நீங்க வாயத் தொறந்தீங்களா? பெத்தவ நான். கூடப் போயி விடக்கூட எனக்கு வழக்கம் இல்லையாம்." நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "கடல்ல கரைக்கணும்னுதான சொன்னாங்க. நானும் கடல்லதான் கரைச்சேன். அவ என் கடல் என் கடல்னு சொன்னது இதத்தான" என்றாள்.

அவள் சொன்னதில் திருத்துவதற்கு எனக்கு ஒரு பிழையும் கிடைக்கவில்லை, ஒன்றைத் தவிர.

"கரையலையே வேணி."

"தெரியும். அந்த மீன்கடைத் தம்பி எலும்புன்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. அதத் தின்னுட்டுத்தான் அது வளருது. ஆனா அதுக்கு முன்னாடியே பிடுங்க விடல. முடி மாதிரியே இருந்துச்சுங்க. அவளுக்கு எவ்ளோ அடர்த்தி. சீவ உக்காரவே மாட்டா. இது ஆடாம அசையாம குடுத்துச்சு."

அவளுடைய கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், பிடித்தேன். கத்தரிக்காய்க் கறை.

நெடுநேரம் கழித்துத் தொட்டியைப் பார்த்தபடி அவளே சொன்னாள்.

"அந்தப் பூவெல்லாம் செத்துடுமா?"

"இப்படியே விட்டா செத்துடும்."

"மூணு பூவோட வாங்கிட்டு வந்தா. ஆபீஸ் விட்டு வந்து பைய கூட எறக்காம இது முன்னாடிதான் நிப்பா." கண்ணாடிக்குக் கிட்டே போனாள். "அவ வளத்தத அவளே கொல்லக்கூடாது" என்றாள்.

பிறகு, "இந்தத் தடவ நான் வருவேன். நான்தான் ஊத்துவேன்."

"வா" என்றேன். அன்று சொல்ல வேண்டியது. ஒரே எழுத்து.

டிசம்பர் 30

காலையில் இம்மி வந்தான். மீன்களை ஒரு பக்கெட்டுக்கு மாற்றினான், பாறையைத் தூக்கி இன்னொன்றில் வைத்தான். இடது மூலை மணலை வேணிதான் எடுத்தாள். இம்மி கரண்டியை நீட்டினான். வேண்டாம் என்று கையாலேயே வழித்து எடுத்தாள், ஒரு பருக்கை விடாமல். பாறையில் இருந்த பாசியையும் விரல்களால் நீவி நீவி எடுத்து அதோடு சேர்த்தாள். மூடி போட்ட பெயிண்ட் பக்கெட்டில் எல்லாம் பாதி அளவு வந்தது.

"என்னா சார் கெடந்துச்சு அடில?" என்று இம்மி என்னிடம் தனியாகக் கேட்டான்.

"பொரி" என்றேன்.

அவன் பக்கெட்டைப் பார்த்தான், வேணியைப் பார்த்தான். "பொரி நாள்பட்டா அப்படித்தான் சார்" என்றான். இம்மி தங்கமான ஆள் என்று நித்திலா சொல்வாள், சரிதான்.

ஆட்டோவில் காசிமேடு. ராகு காலம் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. வேணி பக்கெட்டை மடியில் வைத்திருந்தாள். பள்ளத்தில் ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடலோரத்தில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி, "இன்னாம்மா, மீனு வாங்க பக்கெட்டே எட்த்தாந்துட்டியா?" என்று சிரித்தாள்.

"இல்லம்மா. விட வந்தேன்."

"மீனயா?"

"ஆமா."

"உட்டுட்டுப் போ. நல்லா இருக்கும்."

கல் வழுக்கியது. நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். குனிந்து, கவிழ்க்காமல், கை கையாக அள்ளி விட்டாள். பாசி மட்டும் மேலே மிதந்து, விரிந்து, அலையோடு கொஞ்சம் போனது, கொஞ்சம் வந்தது, பிறகு போயேவிட்டது. காலிப் பக்கெட்டைக் கடல் தண்ணீரில் அலசி அதையும் கடலிலேயே ஊற்றினாள்.

கரைத்துவிட்டு வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பார்கள். அன்று நான் பார்க்காமல் வந்தேன். இன்று வேணி பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவள் நின்று பார்க்கும்போதெல்லாம் நானும் நின்று பார்த்தேன்.

டிசம்பர் 31

மூலையில் புது மணல் போட்டோம். பாறை பழைய இடத்திலேயே. மேடத்துக்குப் பிடிக்கவில்லை, வாலால் மணலை வாரி இறைக்கிறது. டைரியில் தேதிப் பக்கம் இன்றோடு முடிகிறது. பின்னால் 'குறிப்புகள்' என்று சில வெற்றுத்தாள் இருக்கிறது. இனி அதில்.

ஜனவரி 6

நீலம் மூன்றாவது கட்டம். தண்ணீர் மாற்றினேன். பழைய தண்ணீரை வேணி இன்னமும் பாத்ரூமில் ஊற்ற விடவில்லை. செடிக்கும் ஊற்றவில்லை. மூடி போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். சரி.

ஜனவரி 11

இரண்டாவது கட்டம். நத்தைகள் கண்ணாடியில் மிச்சம் இருந்ததைத் தின்றுகொண்டிருக்கின்றன.

ஜனவரி 15

பொங்கல். இந்த வருடம் பானை வைக்கவில்லை. மாடி வீட்டு அம்மா ஒரு தூக்கில் பொங்கல் கொடுத்துவிட்டுப் போனார். தணிகாசலம் வந்தான், பொரி இல்லாமல். அவனிடம் வேணி எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மத்தியானம் பாறையின் நடுவில் ஒரு பொத்தான் திறந்திருந்தது. பச்சை. வேணி முதலில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட குரல், நித்திலா படிக்கிற காலத்தில் மார்க்ஷீட்டோடு வருகிற நாளில் கூப்பிடுகிற குரல்.

ஜனவரி 19

பதினொரு பூ. இன்னும் சில பாதி திறந்திருக்கின்றன.

ஜனவரி 24

காலையில் சோதித்தேன். குப்பியில் தண்ணீர் எடுத்து, பொடியைப் போட்டுக் குலுக்கி, ஜன்னல் பக்கம் வைத்துக் காத்திருந்தேன். நீலம் வரவில்லை. பொடி போதவில்லையோ என்று புதுப் பொட்டலம் பிரித்து மறுபடி செய்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அட்டையில் முதல் கட்டம், வெள்ளை.

இம்மிக்கு போன் போட்டேன். "செம சார்! ஜெயிச்சிட்டீங்க!" என்று கத்தினான்.

சமையலறையிலிருந்து வேணி கேட்டாள். "என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல வேணி. ஒரு துளி கூட..."

சொல்லி முடிக்க முடியவில்லை. அந்தக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. மாடி வீட்டுக்குக் கேட்டிருக்கும். மயானத்தில் வராதது, ஆஸ்பத்திரி வாசலில் வராதது, எல்லாம் வந்தது. என் பெண் போய்விட்டாள். அவள் போய்விட்டாள் என்று எனக்கு இன்று காலைதான் தெரிந்தது.

வேணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். என் கையிலிருந்து குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழுங்க" என்றாள். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

நாங்கள் எழுந்தபோது மேடமும் சாரும் கண்ணாடிக்கு வந்து நின்றிருந்தார்கள். தீனி வேளை தாண்டிவிட்டது. இன்று வேணி போட்டாள். ஒரு சிட்டிகைதான்.